லாமெய் வைத்த பாக்குக் கஷாயம்

யின் லாமெய்யின் மருந்துக் கடைக்கு இரண்டு வாசல்கள். முன்வாசல் சந்தைத் தெருவைப் பார்த்தது. இருமலுக்கும் சுளுக்குக்கும் மருந்து வாங்குகிறவர்கள் அந்த வழியாக வருவார்கள், கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசுவார்கள், போவார்கள். பின்வாசல் பேரிக்காய் மரத்தடியில் இருந்தது. அந்த வழியாக வருகிறவர்களுக்குப் பேச்சே வராது. தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, இஞ்சி இருக்கா?" என்பார்கள். இஞ்சி எல்லார் வீட்டுக் கொல்லையிலும் இருக்கிற சாமான். லாமெய் மறுகேள்வி கேட்காமல் பாக்கு டப்பாவை இறக்குவாள்.

ஏர்ஹாய் ஏரிக்கு வடக்கே இருக்கிற பாய் என்கிற இனத்து ஜனங்களின் ஊர்களில் வாட்டிய பன்றித்தோல் இல்லாமல் விருந்து கிடையாது. அறுத்த பன்றியை வைக்கோல் தீயில் போட்டு, தோல் பொன்னிறமாகும் வரை புரட்டுவார்கள். தோல் வெந்துவிடும், அதை ஒட்டிய இறைச்சி சிவப்பாகவே இருக்கும். அதை மெல்லிசாக அரிந்து, பிளம் பழக் காடியில் மிளகாய்த் தூளும் பூண்டும் கலந்து, தொட்டுச் சாப்பிடுவார்கள். கல்யாணமோ, கருமாதியோ, புது வீட்டுக்கு உத்தரம் ஏற்றுவதோ, முதல் தட்டு அதுதான். வேண்டாம் என்று தள்ளினால் வீட்டுக்காரன் முகம் சுண்டிப்போகும். காடியும் சோளச் சாராயமும் சேர்ந்தால் எந்தப் புழுவும் செத்துவிடும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். புழுவுக்குத்தான் தெரியாது. அதனால் ஒவ்வொரு குளிர்காலமும் கழிந்த பிறகு, சிலர் வயிற்றில் நாடாப்புழு குடியேறி, அவர்களைப் பேரிக்காய் மரத்தடிக்கு அனுப்பிவைக்கும்.

லாமெய், ஊரே கூட்டுப் பண்ணையாக இருந்த கம்யூன் காலத்தில், கொஞ்சம் பயிற்சி கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பிய 'வெறுங்கால் வைத்தியர்'களில் ஒருத்தி. கழுத்தில் பெட்டியை மாட்டிக்கொண்டு வயல் வயலாகப் போய், காயத்துக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்கு ஊசி போட்டாள். கம்யூன் கலைந்ததும் ஊசியை விட்டுவிட்டு மூலிகைக் கடை வைத்தாள். கடையில் அவள் கை அதிகம் போன டப்பா பாக்கு டப்பாதான். கடலுக்கு அந்தப் பக்கம் ஹாய்னான் தீவில் காய்த்து, ஷியாகுவான் நகரத்து மருந்து மண்டிக்கு மூட்டையாக வந்து சேரும் பாக்கு. ஊறவைத்துச் சீவிக் காயவைத்த வில்லை ஒவ்வொன்றிலும் பழுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் ஓடும். திருவிழாவில் பலகாரத்தைத் திணித்துக்கொண்டு வயிறு கல்லாய்க் கிடக்கும் குழந்தைக்கு நாலு வில்லையை வறுத்துக் கொதிக்கவைத்துக் கொடுப்பாள். கால் வீங்கினவர்களுக்கு வேறு சரக்கோடு சேர்ப்பாள். முறைக் காய்ச்சலுக்குப் பெரிய ஏலக்காயோடு சேர்ப்பாள். ஆனாலும் அவளுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது புழுதான். முகத்துக்கு நேரே 'வைத்தியரம்மா' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'புழுக்காரி'.

முறை எளிது, சங்கடம் அதிகம். முந்தின இரவு பட்டினி. காலையில் இடித்த பரங்கி விதை. அது புழுவின் உடம்பையும் வாலையும் மரத்துப்போகச் செய்யும். கொஞ்சம் கழித்துப் பாக்குக் கஷாயம். அது தலையை மயக்கும். குடலைப் பிடித்துக்கொண்டிருக்கிற பிடி விட்டுப்போகும். கஷாயத்தை ஆறவைத்துத்தான் கொடுக்க வேண்டும், சூடாகக் குடித்தால் வாந்தியாகிவிடும். கடைசியில் பேதி உப்பு. அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீர் நிறைந்த வாளிமேல் உட்கார வேண்டும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் புழு பாதியில் உள்ளே சுருட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். அறுந்து தலை உள்ளே தங்கிவிட்டால், சில மாதத்தில் முழுப் புழுவாக வளர்ந்து நிற்கும்.

அதனால் லாமெய்க்குத் தலைதான் கணக்கு. வந்ததையெல்லாம் கருப்பு மண்சட்டியில் ஊற்றி, அலசி, நாடா மெலிந்து மெலிந்து நூலாகிப் போகிற பக்கமாகவே விரலை நகர்த்திக்கொண்டு போவாள். நூலின் நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒன்று இருக்கும். அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்த பிறகுதான் "வந்திருச்சு, போய்க் கஞ்சி குடி" என்பாள். தலை கிடைக்காவிட்டால், வந்தவன் ஊர்ப் பெரிய மனிதனாக இருந்தாலும், "வரல, மறுபடி வா" என்றுதான் சொல்வாள். இந்த ஒரு விஷயத்தில் அவள் யார் மனசையும் குளிரவைத்ததில்லை.

புழு போனவர்களிடம், "ஒரு மாசம் வேகவெச்சுத் தின்னு" என்பாள், ஏதோ விரதம் சொல்கிற மாதிரி. அடுத்த மாதம் அதே ஆளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து தோல் தின்பாள். அவளுக்குப் பயமில்லை. வைக்கிற கஷாயம் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் ருசி பார்த்து, பதம் சரியா என்று தெரிந்துகொள்வது அவள் வழக்கம். "தெனம் பாக்குத் தண்ணி போற வயித்துல புழு எப்படிக் குடியிருக்கும்?" என்பாள். கேட்டவர்கள் அது நியாயம்தானே என்று தலையாட்டுவார்கள்.

புருஷன் ருன்தோங் டிராக்டர் பழுது பார்க்கிறவர். ஒரே மகள் சுன்யான், ஊர்ப் பால் நிலையத்தில் பால் அளந்து வாங்குகிற வேலை. வீட்டுச் சமையலறையில் இரண்டு பேருக்கும் வேலை கிடையாது. லாமெய் கத்தியை யாரையும் தொடவிட மாட்டாள். அரிசி நூடுல்ஸைக் கிண்ணத்தில் போட்டு, அதன்மேல் பச்சை வெங்காயத்தாளைப் பொடிப்பொடியாக நறுக்கித் தூவி, அம்மா கையால் கொடுத்தால்தான் சுன்யானுக்கு அது காலைச் சாப்பாடு.

சுன்யானுக்கு இறைச்சிக்கடை யாங் வீட்டுப் பையன் யுங்ஷெங்கோடு கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். பையனின் அம்மா துவான் ஷூச்சென்தான் சந்தையில் பன்றிக்கறிக் கடையில் நிற்பவள். பெரிய கை, பெரிய குரல். சுன்யான்மேல் அவளுக்குப் பிரியம் அதிகம், வாரத்தில் பாதி நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள்.

சந்தையில் பேரிக்காய் வந்து குவிகிற நேரத்தில், பால் நிலையத்தில் சுன்யான் கையிலிருந்து குடம் விழுந்தது. அவளும் விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன, வாயோரம் நுரை வந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, பால் கொட்டிப்போயிற்றே என்று அழுதாள். பட்டினியால் வந்த மயக்கம் என்று லாமெய் முடிவு கட்டினாள். இரண்டாவது தடவை யாங் வீட்டுக் கிணற்றடியில், கீரை கழுவுகிறபோது வந்தது. ஷூச்சென்தான் ஓடி வந்து அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பெண்ணுக்கு வலிப்பு என்று தெரிந்தால் அந்த ஊரில் பலர் கல்யாணத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஷூச்சென் அந்தப் பேச்சையே எடுக்காமல் வண்டி பிடித்து, லாமெய்யையும் ஏற்றிக்கொண்டு ஷியாகுவான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மூளையைப் படம் பிடித்தார்கள். கருப்பு ஃபிலிமில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஷூச்சென் வண்டிக்காரரிடம் பேசப் போயிருந்தாள். இளவயது டாக்டரம்மா லாமெய்யை உட்காரச் சொல்லிவிட்டு, நிதானமாகச் சொன்னாள்.

"இது நாடாப்புழு முட்டையால வந்ததும்மா. பொண்ணு வயித்துல புழு இல்ல, சோதிச்சிட்டோம். வேற யாரோ ஒருத்தர் வயித்துல இருக்கு. அவங்க கையில, நகத்துல முட்டை ஒட்டிக்கும். அந்தக் கையால பச்சையா ஏதாவது நறுக்கிக் குடுத்தா, சாப்பிடறவங்க உள்ள போயிப் பொரிச்சு, ரத்தத்தோட தலை வரைக்கும் ஏறிடும். மாத்திரைக்கு இது சரியாகும். ஆனா அந்த ஆள் யாருன்னு கண்டுபிடிச்சு புழுவ எடுக்கலன்னா, மறுபடி மறுபடி வரும். எப்பவும் இவ்வளவோட விடும்னு சொல்ல முடியாது. யார் கையால சாப்பிடறாளோ எல்லாரும் சோதிச்சுக்கணும்."

"என் வீட்டுல புழு இருக்காது டாக்டர். ஊருக்கே புழு எடுக்கறவ நான்."

"அப்ப உங்களுக்கே தெரியும்" என்று சொல்லி, டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் லாமெய் யோசித்தது ஷூச்சென் வீட்டுக் கீரையைத்தான். எதிர்ச் சீட்டில் சுன்யான் ஷூச்சென்னின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

முறைப்படி முதலில் தன் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். ருன்தோங் பரங்கி விதையை மென்று, கஷாயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கி, எச்சில் ஊற ஊற வாளிமேல் உட்கார்ந்தார்.

"இத்தன வருஷம் உங்கூடக் குடித்தனம் பண்ணினதுக்கு இதான் பரிசா?"

"பேசாம உக்காருங்க. பேசினா குமட்டும்."

சட்டியில் ஒன்றும் இல்லை. ருன்தோங் கால்சட்டையை இறுக்கிக்கொண்டே, "நீயும் ஒரு கிண்ணம் குடிச்சிரேன்" என்றார்.

"நான் தெனமும்தான் குடிக்கிறேனே."

ருன்தோங் வாளியைக் கழுவக் கொண்டுபோனார். மனைவியின் தொழிலில் அவர் மூக்கை நுழைத்தது கிடையாது.

அடுத்த சந்தை நாளில் லாமெய் ஷூச்சென்னின் கடை முன்னால் போய் நின்றாள். காதோடு சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனாள்.

"ஷூச்சென் அக்கா, ஒரு நாள் உங்க வீட்டுல எல்லாரும் எங்கிட்ட வாங்க. கஷாயம் வெச்சுத் தரேன்."

ஷூச்சென் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "எங்க வீட்டுல இஞ்சி நெறைய இருக்கு, சம்பந்தி."

பக்கத்துக் கடைக்காரி களுக்கென்று சிரித்தாள். லாமெய்க்கு முகம் சிவந்துவிட்டது.

"வெளையாட்டில்ல. டாக்டர் சொல்லிட்டாங்க. சமைக்கிறவங்க கையிலேர்ந்து வந்ததாம்."

"வாரத்துல நாலு நாள் எங்க வீட்டுல சாப்பிட்டா. மத்த நாளெல்லாம் காத்தையா குடிச்சா?"

"எங்க வீட்டுல பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல. பன்னி வெட்டற கை யாருது? எங்க கையா? என் பொண்ணு உங்க வீட்டுச் சோத்தத் தின்னுதான் இப்படி ஆனா."

கடைசி வாக்கியம் காதோடு சொல்லக்கூடிய சத்தத்தில் வரவில்லை. அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் ஷூச்சென் கடையில் ஈதான் ஓட்டினாள். யுங்ஷெங் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடையாய் நடந்தான். சுன்யான் அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டு, மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். லாமெய் காலையில் நூடுல்ஸ் வைத்து, வழக்கத்தைவிட அதிகமாக வெங்காயத்தாள் தூவி, சமாதானமாக இருக்கட்டும் என்று கிண்ணத்தை மகள் பக்கம் நகர்த்துவாள். சுன்யான் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சாப்பிட்டுவிடுவாள். அந்த வாரம் மறுபடியும் வலிப்பு வந்தது.

வலிப்பு வந்த மறுநாள் காலை ஷூச்சென் கடையைச் சாத்திவிட்டு, புருஷனையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். முன்வாசல் வழியாக வந்தாள். தெருவில் நின்றவர்களிடம், "பாக்குத் தண்ணி குடிக்கப் போறோம், யாராவது வரீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

மூன்று பேரும் குடித்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வாளிமேல் உட்கார்ந்தார்கள். லாமெய் கருப்புச் சட்டியை மறுபடி மறுபடி அலசினாள். புழு இல்லை, புழுவின் துண்டுகூட இல்லை. ஆண்களை அனுப்பிவிட்டு ஷூச்சென் முக்காலியில் உட்கார்ந்தாள். பேதியில் முகம் வெளுத்திருந்தது, குரல் வெளுக்கவில்லை.

"இப்ப நீ குடி."

"நானா?"

"சுன்யான் யார் கையால சாப்பிடறா? உன் புருஷனுக்குப் பாத்தாச்சு. எங்களுக்கும் பாத்தாச்சு. மிச்சம் யாரு?"

"அக்கா, நான் ஒவ்வொரு கஷாயத்துலயும் ஒரு வாய்..."

"ஒரு வாய் சாராயம் குடிச்சா எவனாவது மயங்கி விழறானா? ஒரு வாய் பாக்குத் தண்ணிக்குப் புழு எதுக்கு விழணும்? சும்மா வாய் கொப்பளிச்சிட்டு இருந்திருக்கும்."

லாமெய் கையிலிருந்த கருப்புச் சட்டியைக் கீழே வைத்தாள். பயம் வந்தது. சுன்யான் விழுந்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. தன் மலத்தை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஊரில் எல்லாருக்கும் போலவே அவள் வீட்டுக் கக்கூசும் பன்றிக் கொட்டிலுக்கு மேலே கட்டியது. போனது போனதுதான், கீழே இருக்கிற பன்றி மிச்சம் வைக்காது.

"நாளைக்குக் குடிக்கிறேன். யார் பாப்பாங்க?"

"நான் பாக்கறேன். பன்னிக் கொடல் கழுவற கை இது. எனக்கு அருவருப்பெல்லாம் கிடையாது."

மறுநாள் காலை ஷூச்சென் வந்துவிட்டாள். அடுத்தவருக்கு எத்தனையோ தடவை வைத்த கஷாயத்தை லாமெய் தனக்காக வைத்தாள். முதல் வாய் வழக்கமான ருசி, துவர்ப்பு. கிண்ணம் முடிவதற்குள் நாக்கடியில் எச்சில் பொங்கியது, வயிறு முறுக்கியது, தலை சுற்றியது. இத்தனை பேரை "பேசாம உக்காரு" என்று அதட்டியிருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஷூச்சென் அடுப்பில் தண்ணீரைச் சுடவைத்து, முழங்கையை விட்டுப் பதம் பார்த்து, வாளியில் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"இழுத்துராதீங்க" என்றாள் லாமெய்.

"இழுக்கல. நீ வாய மூடு."

வாளியில் வெள்ளையாக ஏதோ சுருள் சுருளாக இறங்கியது. லாமெய் கண்ணை மூடிக்கொண்டாள். ஷூச்சென் அதைச் சட்டியில் கவிழ்த்து அலசி, தடித்த விரலால் மெதுவாக நகர்த்திக்கொண்டு போனாள். நாடா நூலாகியது. நூலின் நுனியில் அவள் விரல் நின்றது. சட்டியையும் பூதக்கண்ணாடியையும் லாமெய்யிடம் நீட்டினாள்.

லாமெய் பார்த்தாள். உருண்டைத் தலை, நாலு உறிஞ்சு வாய், உச்சியில் கொக்கி வரிசை. சந்தேகத்துக்கு இடமே இல்லாத தலை. மற்றவர்களுடையதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு நிம்மதி வரும். இப்போது அவளுக்குத் தெரிந்தது காலைக் கிண்ணங்கள்தான், ஒவ்வொன்றிலும் பச்சையாகத் தூவிய வெங்காயத்தாள். சமாதானத்துக்கு என்று அதிகமாகத் தூவியதும்கூட.

"நான்தான் குடுத்திருக்கேன்" என்றாள்.

ஷூச்சென் கையைத் துடைத்துக்கொண்டாள். "சுன்யான் முன்னால கடையில உக்காந்திருக்கா. ஒண்ணும் வரலன்னு சொல்லிடறேன்."

"எதுக்கு?"

"அவ தாங்குவாளா? எங்க வீட்டுலேர்ந்து வந்ததாவே இருக்கட்டும், நேத்துச் சட்டியப் பாத்தது நீயும் நானும்தான். பன்னி வெட்டறவங்கன்னு ஊர் ரெண்டு நாள் பேசும், மூணாம் நாள் கறி வாங்க வரும். புழுதான் போயிருச்சே. இனிமே என்ன?"

லாமெய் தடுப்பதற்குள் அவள் எழுந்து நடுக்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். லாமெய்க்கு எல்லாம் கேட்டது.

"என்ன அத்தை, வந்துச்சா?"

"என்ன வரும்? வெறும் தண்ணிதான். உங்கம்மா வயித்துல அவ கோவத்தத் தவிர ஒண்ணுமில்ல."

மகள் சிரித்தது கேட்டது. பல நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அதை அப்படியே விட்டுவிடலாம் என்று லாமெய்க்குத் தோன்றாமல் இல்லை. மனிதர் மனம்தானே. ஆனால் தலை வந்ததை வரவில்லை என்று அவள் கடைக்குள்ளிருந்து யாரும் சொல்லிக்கொண்டு போனதில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கருப்புச் சட்டியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு கடைக்குள் வந்து, மகள் முன்னால் மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் பூதக்கண்ணாடியை வைத்தாள்.

"பாரு. இதான் தலை. என்னோடது."

ஷூச்சென் வேறு பக்கம் பார்த்தாள். சுன்யான் குனிந்து பார்த்தாள், கண்ணாடி வைத்துப் பார்த்தாள், கண்ணாடியை எடுத்துவிட்டும் பார்த்தாள். அம்மாவை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு நேரமாயிற்று.

"முழுசா வந்திருச்சா?"

"வந்திருச்சு."

சுன்யான் சட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோய், கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தாள். பிறகு வாளியும் சோப்பும் எடுத்து வந்து, தன் கையைக் கழுவிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்துத் தண்ணீரில் வைத்தாள். ஒவ்வொரு நகத்தின் இடுக்கிலும் சோப்பைத் தேய்த்தாள். லாமெய் குழந்தையைப் போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

"நேத்து ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீ. நூடுல்ஸ் வெக்கிறேன். அத்தை, நீங்களும் இருங்க."

சமையலறையில் தண்ணீர் கொதித்தது. பழக்கதோஷம், லாமெய் எழுந்து போய் வெங்காயத்தாளைப் பலகைமேல் வைத்துக் கத்தியை எடுத்தாள். சுன்யான் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கத்தியை வாங்கிக்கொண்டாள்.

"நீ உக்காரும்மா. நான் நறுக்கறேன்."

லாமெய் போய் உட்கார்ந்தாள். கிண்ணம் வந்தது. வெங்காயத்தாள் நூடுல்ஸோடு சேர்ந்து நன்றாக வெந்திருந்தது.